இரண்டாவது மேடு

“பால் பொங்குறதைப் பார்க்கத் துப்பில்லை. பிரபஞ்சம் பொங்குனதைக் கண்டுபிடிக்கப் போறாராம்.”

அவன் அடுப்பை அணைத்தான். ஆறரைக்கு எழுந்து, பல் தேய்த்து, லேப்டாப்பைத் திறந்து, பாலை வைத்திருந்தான். தினமும் இதே வரிசைதான். வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான்.

“இன்னிக்கு என்ன, முகம் உர்ருன்னு இருக்கு?” என்றாள் மனைவி.

“பத்து மணிக்கு எல்லார் முன்னாலயும் முடிவைக் காட்டணும். ரெண்டு வருஷ வேலை. வரைபடத்துல ஒரு மேடு வரணும். ரெண்டு வந்திருக்கு.”

“ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?”

அவன் சிரிக்கவில்லை. பிரபஞ்சத்தின் முதல் கணங்களில், கொதிக்கும் பாலில் எழுவதுபோல் குமிழ்கள் எழுந்து மோதியிருக்கலாம். அந்த மோதலில் கிளம்பிய ஈர்ப்பு அலைகள் எப்படி இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் நிகழ்த்திப் பார்ப்பது அவன் வேலை. இரண்டாவது மேடு நிஜமென்றால் பேர் கிடைக்கும். பிழையென்றால் மானம் போகும்.

“முழுப் பிரபஞ்சமும் உன் கம்ப்யூட்டர்ல அடங்குமா?”

“அடங்காது. பெட்டி மாதிரி ஒரு சின்னத் துண்டுதான். வலது பக்கமா வெளியே போற அலை இடது பக்கமா உள்ளே வந்துடும். விளிம்பே இல்லாத மாதிரி ஏமாத்துறோம்.”

“அப்போ நீ அனுப்புன அலையே ஊரைச் சுத்திட்டு வந்து உன் கதவைத் தட்டுது. நீ விருந்தாளின்னு நெனச்சு நாற்காலியைத் துடைச்சுப் போடுற.”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“அது நடக்காம இருக்கத்தான், அலை ஒரு சுத்து வர்றதுக்குள்ள ப்ரோகிராமை நிறுத்திடுவாங்க.”

“நீ நிறுத்துனியா?”

“இல்ல. ஓடட்டும்னு விட்டுட்டேன்.”

“ஏனாம்?”

“நிறுத்த மனசு வரலை.”

“நல்ல ஆளுதான். முதல் வருஷப் பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க.”

அவன் அலை சுற்றி வந்த பிற்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி வரைந்தான். இரண்டாவது மேடு காணாமல் போயிற்று. முதல் மேடு, இருக்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. உடனே, கூட வேலை பார்க்கும் தாடிக்குப் போன் போட்டான்.

“அது பொய்டா. நம்ம அலையேதான் திரும்பி வந்திருக்கு. சரி பண்ணிட்டேன்.”

“நாலு பேர் ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டோமே. உனக்கு எப்படித் தோணுச்சு?”

“காலைல அவகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அவதான் பிடிச்சா.”

தாடி, “நீ வண்டியை எடுக்காத. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றான் மெல்ல.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்று காலை அவள் பேசியதெல்லாம், இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவன் தனக்குள் ஓட்டிப் பார்த்தவை. ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுமுன் அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: “சாயங்காலம் வர்றப்போ என் சார்ஜரை எடுத்துட்டு வா. மறந்துட்டு வந்து நின்னு விஞ்ஞானம் பேசாதே.”