மஃப்ளர் முடிச்சு

"ஒரு மாசம் தலைக்கு ஊத்தாதீங்க, குனியாதீங்க, முக்கியமா அழாதீங்கம்மா." நர்ஸ் செங்கமலத்தின் கண்கட்டைப் பிரித்தாள். புரை விழுந்து மங்கிப்போன இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கணவர் தங்கராசு பளிச்சென்று தெரிந்தார். சித்திரை வெயிலில், கழுத்தில் மஃப்ளர்!

"என்னங்க கோலம் இது? ஊட்டிக்கா கெளம்பிட்டீங்க?"

"தொண்டை கரகரங்குது புள்ள."

மஃப்ளருக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. நாலு மாதமாக வளர்கிறது. உடனே வெட்டியெடுக்க வேண்டும் என்ற டாக்டரிடம், "முதல்ல அவ கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவள் கை நீண்டது.

"சொட்டு மருந்து போடணும். மேல பாரு!" அவசரமாகப் புட்டியைத் திறந்தார்.

அவள் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தாள். முதல் சொட்டு விழுந்தது. இரண்டு வருஷமாகப் பார்க்காமலே எல்லாவற்றையும் கண்டுபிடித்துப் பழகிய விரல்கள், மஃப்ளரின் முடிச்சைத் தேடி மெல்ல மேலேறின.