பத்துக்குக் கீழே ஒமேகா

ஜமால்தீன் குனிந்து, எர்த் கம்பியைச் சுற்றியிருந்த மணலைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

திரேசம்மாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் இலேசில் விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்? மாதா கோவில் பங்கில் மரியாயின் சேனைத் தலைவி. பிழை பிடித்துத்தான் பழக்கம், பிடிபட்டுப் பழக்கமில்லை.

"கடற்கரை மண் பின்ன இனிக்குமோ, நானா?"

"கடற்கரை மண்தான் அக்கா. ஆனா இந்தப் பங்குனி வெய்யிலுக்கு முத்தமெல்லாம் காஞ்சு கிடக்க, கம்பியடி மட்டும் நனைஞ்சு கிடக்குதே."

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. புது வீட்டின் வயரிங்கைச் சோதித்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் மின்சாரக் கந்தோர் கரண்ட் தரும். அவர் மீற்றரை வெளியே எடுத்ததும், அதிலிருந்த Ω குறியைக் கண்டு திரேசம்மா துள்ளினாள்.

"இது எங்கட எழுத்தெல்லோ! ஒமேகா. ஈஸ்டர் பெரிய மெழுகுதிரியில சிவப்பு மெழுகால ஒட்டுறது. முதலெழுத்து அல்பா, கடைசியெழுத்து இது. கோவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலயும் கிடக்கு."

"எங்கட தொழிலில இதுக்குப் பேர் ஓம்ஸ், அக்கா. மண் கரண்டை எவ்வளவு மறிக்குது எண்டு பாக்கிற குறி. பத்துக்குக் கீழ நிண்டாத்தான் நான் எழுதுவன்."

"எங்கட எழுத்து எங்களைக் கைவிடாது. நீங்கள் பாருங்கோ."

கைவிடவில்லை. மீற்றர் எட்டுக் காட்டியது. அதற்குப் பிறகுதான் மனிதர் விரலை நாக்கில் வைத்தார்.

அந்த ஒழுங்கையில் இது ஒன்றும் புதினமில்லை. காய்ந்த மணலில் மீற்றர் நாற்பது, ஐம்பது என்று காட்டும். சோதிக்க வருகிற நாள் விடிய, கம்பியடியில் இரண்டு வாளி கடல் தண்ணீர் ஊற்றிவிட்டால் எண் மளமளவென்று இறங்கிவிடும். சோதிக்க வருகிற மற்றவர்கள் கண்டும் காணாமல் கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார்கள்.

"ஊர் முழுக்கச் செய்யிறதுதானே, நானா!"

"ரெண்டு நாளில தண்ணி காஞ்சிடும். பிறகு எங்கயும் ஒரு வயர் பழுதாப்போனா கரண்ட் மண்ணுக்குள்ள போகாது, தொட்ட ஆளுக்குள்ளதான் போகும். செவ்வாய்க்கிழமை வாறன். அதுக்குள்ள இன்னும் ரெண்டு கம்பி ஆழமா அடிச்சு வையுங்கோ."

"ஆர் அடிக்கிறது? மனிசன் கடல் தொழிலுக்குப் போய் அங்க மீன்வாடியில நிக்கிறார்." திரேசம்மாவின் குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமை மகள் குறைமாசப் பிள்ளையோட ஆசுப்பத்திரியால வாறாள். இந்த வெக்கையில ஃபான் இல்லாம அந்தப் பிஞ்சு கிடந்து வேகிறதோ? உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையோ?"

ஜமால்தீன் கம்பியில் மாட்டியிருந்த வயரைக் கழற்றினார். மீற்றரைப் பையில் போட்டார். தேத்தண்ணியும் குடிக்காமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் முடியாததுமாக, கோவில் வாசலில் நின்று பத்துப் பேருக்குச் சொன்னாள் திரேசம்மா.

"கல்நெஞ்சன். வேதம் வேறயெண்டா இரக்கமும் வேறயோ?"

பத்துப் பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

செவ்வாய் விடிய மறுபடியும் இரண்டு வாளி கடல் தண்ணீர். இந்த முறை அவள் முன்னெச்சரிக்கையாக மேலே காய்ந்த மணலைத் தூவி, விளக்குமாற்றால் கூட்டியும் விட்டாள். யாருக்குச் சொல்கிறார்கள் கதை?

ஜமால்தீன் வந்தார். மீற்றரை மாட்டினார். ஆறு.

"இண்டைக்கு நக்கிப் பாக்கேல்லையோ, நானா?" துணிச்சலோடு கேட்டாள்.

"தேவையில்லை, அக்கா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கரண்ட் வந்தது. வெள்ளிக்கிழமை பேரப்பிள்ளை வந்தான். ஃபான் காற்றில் அவன் கண்ணயர்ந்ததைப் பார்த்து திரேசம்மா பூரித்துப்போனாள். பிள்ளையின் துணி காயப்போட முற்றத்தில் கொடி கட்டக் கம்பு நட வேண்டும். அலவாங்கை எடுத்துக் குழி தோண்டிக்கொண்டே, வாசலில் நின்ற மகள் நிறஞ்சலாவிடம் தன் கெட்டித்தனத்தை அளந்தாள்.

"மண்ணை நக்கிப் பாத்தவரையே ஏமாத்திப்போட்டன். கொம்மாவை ஆரெண்டு நினைச்சாய்?"

அலவாங்கு 'ணங்' என்றது.

மணலைக் கையால் விலக்கினாள். செம்புக் கம்பியின் தலை ஒன்று. பளபளவென்று புத்தம் புதிது. அதிலிருந்து ஒரு வயர் மணலுக்கடியில் அவளுடைய பழைய கம்பிக்கு ஓடியது. இன்னொரு வயர் அந்தப் பக்கம் ஓடியது. அங்கேயும் ஒரு கம்பி, தலை வெளியே தெரியாமல் ஆழமாக இறக்கப்பட்டிருந்தது.

திரேசம்மா அப்படியே மணலில் குந்திவிட்டாள். பிறகு மகளின் போனை வாங்கி ஜமால்தீனுக்கு எடுத்தாள்.

"நானா... இந்த ரெண்டு கம்பியும்..."

"ஓம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அடிச்சனான். நீங்கள் பூசைக்குப் போயிருந்தீங்கள், கேற் சும்மா சாத்திக் கிடந்தது."

பூசைக்குப் போய் வாசலில் நின்று பேசியதெல்லாம் அவள் காதுக்குள் திரும்பவும் கேட்டது. 

"ஏன் நானா என்னட்டச் சொல்லேல்ல?"

"என்ர பிழைதான் அக்கா. சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையும் கடல் தண்ணி ஊத்தி, மேல மணல் தூவிக் கூட்டியிருக்க மாட்டீங்கள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, உப்பு கம்பியை அரிச்சுப்போடும். கொஞ்சம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவிவிடுங்கோ."