இருமாதவள்

ஆக்னஸ் இருமியதும் வெளியிலிருந்து வந்திருந்த பெண் நோட்டில் எதையோ குறித்தாள். விருத்தாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வாயில முந்தானைய வச்சிக்கடி," என்று பக்கத்திலிருந்த ஆக்னஸின் தொடையில் கிள்ளினாள். "ஒவ்வொரு இருமலுக்கும் எழுதுறா."

"வந்தா நான் என்னாக்கா பண்ணுவேன்? அடக்குனா கண்ணுல தண்ணி வருது."

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் பட்டறைப் பெண்கள் எட்டுப் பேர் சுவரோர நிழலில் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். சூளையில் வேகாத சாமானுக்கு இங்கே பச்சை என்று பெயர். காய்ந்த பச்சையைத் தேய்த்துப் பிசிறு எடுப்பது பச்சை வேலை. எடுக்கிற பிசிறெல்லாம் தூசாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். விருத்தாம்பாளுக்கு அதில் பதினெட்டு வருஷம்.

போன மாதம் வீராயிக்கு இருமல் நிற்கவில்லை. "ஒடம்பப் பாத்துக்கம்மா," என்று முதலாளி நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார். அப்புறம் கூப்பிடவே இல்லை. அதிலிருந்து விருத்தாம்பாள் யாரும் கேட்க இருமுவதில்லை. கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் இருமிவிட்டு வருவாள். ஆக்னஸுக்குக்கூடத் தெரியாது.

நோட்டுக்காரியின் பெயர் சிவசங்கரியாம். யூனிவர்சிட்டியிலிருந்து வருகிறாளாம். காலையில் முதலாளியோடு சிரித்துப் பேசிக்கொண்டு அவர் அறையிலிருந்து வெளியே வந்தவள்.

"யூனிவர்சிட்டிக்கு நம்ம நெஞ்சுல என்னா வேல?" என்றாள் விருத்தாம்பாள். "எல்லாம் மொதலாளி ஏற்பாடு. யாருக்கு முடியலன்னு நேராக் கேட்டா நாம சொல்லுவமா? அதான் ஆளு வச்சிக் கேக்குறாரு."

"பாத்தா நல்லவங்களாட்டம் இருக்காங்கக்கா. நான் இருமுனப்ப அவங்களே தண்ணி மொண்டு குடுத்தாங்க."

"ஆட்டுக்கும் தண்ணி தெளிச்சிட்டுத்தாண்டி வெட்டுறாங்க."

சிவசங்கரி வரிசையாகக் கேட்டுக்கொண்டு அவர்களிடம் வந்தாள். முதலில் விருத்தாம்பாள்.

"பச்சை வேலைக்கு ஆளு எடுக்கிறோம்மா. உங்களுக்கு விருப்பமா?"

விருத்தாம்பாள் நினைத்தது சரியாகப் போயிற்று. புது ஆள் எடுத்தால் இருக்கிற ஆளை என்ன செய்வார்கள்?

"பதினெட்டு வருஷமா அதுலதாங்க இருக்கேன். எங்கிட்டயே வந்து கேக்குறீங்களே."

சிவசங்கரி குழப்பத்தோடு நிமிர்ந்தாள். "ஏற்கெனவே செய்யறீங்களா? சரிங்கம்மா. இருமல், மூச்சு வாங்குறது எதுனா இருக்குதா?"

அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் இருமல் ஒன்று ஏறி வந்தது. விருத்தாம்பாள் ஒரு கவளம் சோற்றைப் போட்டு அதை அடைத்தாள். மெதுவாக விழுங்கினாள்.

"ஒரு தும்மலு கெடையாதுங்க."

நோட்டில் அவள் பெயர் மேல் ஒரு கோடு விழுந்தது. எழுத்து தெரியாதவளுக்கும் அடித்த கோடு தெரியும். தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

அடுத்து ஆக்னஸைத் தனியாக லாரி நிற்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள் சிவசங்கரி. பேச்சு இங்கே கேட்கவில்லை, இருமல்தான் கேட்டது. ஒரு தாளை நீட்டினாள். ஆக்னஸ் அதை லாரிச் சக்கரத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

விருத்தாம்பாள் சோற்றை மூடி வைத்தாள். தன் பெயர் போகாததில் ஒரு சந்தோஷம் வந்ததே, அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். சிவசங்கரியின் ஸ்கூட்டி கேட்டைத் தாண்டிப் போனது.

"கையெழுத்து வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டாங்கக்கா."

"படுபாவி. எப்பலேர்ந்து வர வேணாமாம்?"

"திங்கக்கெழமலேர்ந்து இங்க வர வேணாமாம்."

"அழுவாதடி. நான் வேலைக்கு வர வரைக்கும் உனக்கும் புள்ளைங்களுக்கும் என் வூட்டுல சோறு உண்டு. நான்தான் தப்பிச்சிட்டனே."

ஆக்னஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலை போவலக்கா. யூனிவர்சிட்டி தோட்டத்துல செடி வளக்கிற வேலை. மாசச் சம்பளம், ஒரு பொட்டுத் தூசு கெடையாது. அவங்க ஊருல அதுக்குத்தான் பச்சை வேலைன்னு பேராம்."

விருத்தாம்பாள் தூக்குவாளியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியைக் காணவில்லை.

"தூசு தின்னு நெஞ்சு கெட்டவங்களுக்கு மட்டுந்தான் தராங்களாம். உன்னையும் கூட்டிட்டுப் போவலாமான்னு கேட்டுப் பாத்தேன்," என்றாள் ஆக்னஸ் வருத்தத்தோடு. "உனக்குத்தான் இருமல் இல்லாமப் போச்சேக்கா."