டக்ளஸ் அண்ணை எறிந்த பந்து

சின்னப் பிள்ளையின் கையில் இருக்கிற பந்தைப் பிடுங்கி எறிகிற பெரியப்பாவை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

நான் கண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, பேஸ்போல் மைதானத்தில். எறிந்தவர் என் கணவரின் தமையன், டக்ளஸ் அண்ணை.

இத்தனைக்கும் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனதே அவர்தான்.

எங்கள் மகள் மெலனிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழகத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. பெரிய ஆட்டத்தில் அடிபட்டுப் பறந்து வருகிற பந்து ஒன்று தனக்கு வேணும்.

"ஜேர்மனியில, அதுவும் இந்த ஹம்மில இருந்துகொண்டு பேஸ்போலுக்கு எங்க போறது?" என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, அண்ணை நாலு ரிக்கெற்றும் நாலு நீலத் தொப்பியுமாக வந்து நின்றார்.

அவர் வந்தால் எந்தப் பயணமும் கலியாணவீடுதான். ரயில் வெளிக்கிட்டதும் நான் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, முன்னால் இருந்த ஜேர்மன்காரருக்கும் ஒன்று நீட்டினார். உறைப்பு, கவனம் என்று நான் சொல்ல முதல் அந்த மனுசன் கடித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு, "சூப்பர்!" என்றார். அண்ணை இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

மைதானத்தில் போய் இருந்ததும் விளக்கம் தொடங்கியது.

"பாருங்கோ பிள்ளை, இது கிரிக்கெட்டின்ர ஒண்டுவிட்ட தம்பி."

"எனக்கு விளங்கப்படுத்த வேண்டாம் அண்ணை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில 'எல்லே' எண்ட விளையாட்டுக்கு நான்தான் கப்டன். தடியால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுறது. அதுதானே இது?"

"அப்ப இறங்கி ஒருக்கா அடிச்சுக் காட்டுமன்," என்றார் என் கணவர் யூட்சன்.

"நான் அடிச்சால் ஓடுறது நீங்களாத்தான் இருக்கும்."

மெலனி எங்கள் பகிடிக்குச் சிரிக்கவில்லை. கண் முழுக்கப் பந்தில். அன்றைக்குக் குடும்ப நாள். கூட்டத்துக்குள் விழுகிற பந்து எடுக்கிறவருக்கே சொந்தம் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். அடித்த பந்து வலைக்கு மேலால் எழும்பி, எங்களுக்கு முன்வரிசையில் விழுந்து, கதிரைகளுக்குக் கீழே உருண்டது. அங்கே நின்ற பிள்ளைகளோடு மெலனியும் ஓடிப்போய்க் கீழே புகுந்தாள். காலும் கையும்தான் தெரிந்தது. கடைசியில் மெலனி எழும்பினாள். கையில் பந்து!

"எடுத்திட்டாள்! என்ர பிள்ளை எடுத்திட்டாள்!" நான் துள்ளிக் குதித்தேன்.

உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிக்கொண்டு படியால் வந்த அண்ணை அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். குனிந்தார். பந்தைப் பிடுங்கினார். ஒரே வீச்சு. பந்து திரும்பவும் மைதானத்துக்குள்!

சுற்றியிருந்த சனம் "ஓ!" என்றது.

கீழே நின்ற விளையாட்டுக்காரர் பந்தைப் பொறுக்கினார். அண்ணை அவருக்கு என்னவோ கையைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெட்டையிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெலனி ஓவென்று அழத் தொடங்கினாள்.

"என்னண்ணை செய்தனீங்கள்?"

"பழக்கதோசம், பிள்ளை. யாழ்ப்பாணத்தில மற்ச் பாக்கேக்க பந்து வந்தால் உடன திருப்பி எறியிறனாங்கள். கை தன்ரபாட்டில போட்டுது."

"இது கிரிக்கெட் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியாதே? அதுவும் பிள்ளையின்ர கையில இருந்து பறிச்சு!"

"ஓம், பிழைதான். விசர் வேலைதான்."

தலையைச் சொறிந்தார். பின்னால் இருந்த பெடியள் அவர் எறிந்த மாதிரியே எறிந்து காட்டிச் சிரித்தார்கள். அண்ணையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மெலனி மட்டும் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளை மனம்தானே, அதற்குள் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் மறக்கவில்லை. வீட்டு வாசலில், "அப்ப நான் போட்டு வாறன், பிள்ளை," என்று அவர் சொன்னபோது கொட்டிவிட்டேன்.

"அண்ணை, இனிப் பிள்ளையை எங்கயும் கூட்டிக்கொண்டு போறதெண்டால் நாங்கள் தனியப் போறம். நீங்கள் வரவேண்டாம்."

யூட்சன் என்னைப் பார்த்தார். அண்ணை சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"ஓம் பிள்ளை. அதுவும் சரிதான்." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் யூட்சன் சொன்னார்: "நீர் கொஞ்சம் கூடச் சொல்லிப்போட்டீர்."

"கூடவோ? இன்னும் சொல்ல இருக்கு! பிள்ளை எவ்வளவு ஆசையாப் போனவள்? அவளின்ர ஒரு நாளையே நாசமாக்கிப்போட்டார் அந்த மனுசன்..."

மெலனி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்தப் பந்து முதல்ல அந்தச் சின்னப் பெட்டையின்ர கையிலதான் இருந்தது. கதிரைக்குக் கீழ நான்தான் அவளின்ர விரலைப் பிரிச்சுப் பறிச்சனான். பெரியப்பா மட்டும்தான் கண்டவர். 'உன்னை நாலு பேர் கள்ளி எண்டு பாக்கிறதிலும் பாக்க, என்னை விசரன் எண்டு ஊரே சிரிக்கட்டும்' எண்டு ரயிலில காதுக்குள்ள சொன்னவர். இன்னும் தூரம் போயிருக்கமாட்டார். கெதியா அவரைக் கூப்பிடுங்கோ, அம்மா!"