இரண்டு கட்டத்தில் ஒரே தொகை

கோப்பர் துறைமுகத்துக் கிரேனின் நிழல், கணக்காளர் ஸ்லாவ்கோவின் மேசைமேல் ஊர்கிறது. மொராக்கோ விளக்குகளை இறக்குமதி செய்திருக்கும் நெவென்கா, பணம் நிறைந்த உறையை ஹெல்மெட்டுக்குள் வைத்து மடியில் பிடித்திருக்கிறாள். வரிப்படிவத்தின் இடப்பக்கக் கட்டத்தில் அவர் ஒரு தொகையை எழுதுகிறார். வலப்பக்கத்திலும் அதையே எழுதுகிறார். "இது நீங்க கட்ட வேண்டிய வரி, அம்மணி. விளக்கெல்லாம் விக்கத்தானே வாங்கினீங்க, அதனால இது உங்களுக்குத் திரும்பி வரவேண்டியது. கழிச்சா பூஜ்யம்." "அப்ப துறைமுகத்துல கட்டுறது?" "சல்லிக்காசு வேணாம்." அவள் விரல் இரண்டு எண்களுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. "வராத, போகாத பணத்தை எதுக்குத்தான் எழுதுறீங்க?" "எழுதினாத்தான் போகாது." அவள் சிரித்துவிடுகிறாள். அவர் ஹெல்மெட்டைப் பார்க்கிறார். "வண்டியை வெயில்லயா நிறுத்தியிருக்கீங்க?" நெவென்கா உறையை இன்னும் உள்ளே தள்ளுகிறாள். இந்த வரிக்கென்று அவள் ஸ்கூட்டரை விற்றது இன்று காலைதான்.