கழட்டி வைத்த மானிட்டர்

"ஏம்மா, மானிட்டர எங்க?"

ஏரல் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்ததும் சிவகணேஷ் கேட்ட முதல் கேள்வி அதுதான். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கழட்டி வச்சிட்டேன் அண்ணாச்சி," என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த விஜயஸ்ரீ. "இனிமே டாக்டர் பாளையங்கோட்டையில இருந்தே ஸ்கேன் படத்தப் பாக்கப் போறாக. அதுக்கு வழி பண்ணிக் குடுத்தாப் போதும்."

"அதுக்கு ஏன் கழட்டணும்? வாரவங்க கண்ணுல படம் பட்டுரக் கூடாதுன்னுதானே?"

அவள் மேஜையில் இருந்த நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள்.

சிவகணேஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவங்க உடம்பு, அவங்க சீக்கு. அத மறைச்சா உருப்படுமா? எங்க வீட்டுக்காரி கோமு வயித்து வலின்னு இங்கதான வந்தா? ஒண்ணுமில்ல, வெறும் வாயுன்னு அன்னைக்கே சொல்லிட்டீங்க. நாங்க நிம்மதியாத் தூங்குதோம். எல்லாருக்கும் அப்படிச் சொல்ல வேண்டியதுதான?"

விஜயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் தன் லேப்டாப்பிலிருந்து இணைப்புக் கொடுத்தான். திரையில் ஒரே இருட்டு.

"மானிட்டர் இல்லேன்னா இந்தக் கம்ப்யூட்டர் படமே காட்டாது," என்று பையிலிருந்து கட்டைவிரல் அளவு பிளக் ஒன்றை எடுத்துப் பின்னால் செருகினான். "மானிட்டர் இருக்குன்னு இது கம்ப்யூட்டர நம்ப வைக்கும். சும்மா ஏமாத்து வேலைதான்."

"அப்போ... உங்க லேப்டாப்புல படம் தெரியுமா?" விஜயஸ்ரீயின் குரல் மாறிவிட்டது.

"தெரியாமப் பின்ன?"

"வேண்டாம் அண்ணாச்சி. டாக்டரே பாத்துக்கிடுவாக. நீங்க கெளம்புங்க."

"சோதிக்காமப் போற பழக்கம் எனக்குக் கிடையாது."

லேப்டாப்பில் வெளிச்சம் வந்தது. டாக்டர் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த ஸ்கேன் படம். அங்கங்கே கறுப்பாகப் புள்ளிகள். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மேலே இருந்த பெயரைப் படிக்கத் தெரிந்தது.

கோமு சிவகணேஷ்.

அவன் விஜயஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தான். "வாயுன்னு..."

"அப்படிச் சொன்னது நாங்க இல்ல அண்ணாச்சி, கோமு அக்காதான். புத்துநோய். பரவிருச்சு. 'மகளுக்குப் பரீட்சை முடியட்டும், நானே சொல்லுதேன். அவுகதான் இங்கன கம்ப்யூட்டர் பாக்க வருவாக, கண்ணுல பட்டுரக் கூடாது'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. மானிட்டர் இல்லேன்னா படம் தெரியாதுன்னு நெனச்சேன்."

சிவகணேஷ் லேப்டாப்பை மூடினான். போன் அடித்தது. கோமுதான்.

"ஏங்க, ஸ்கேன் சென்டர்ல வேலை முடிஞ்சிட்டா?"

அவள் குரலில் பயம் இருந்தது. இத்தனை நாள் அவன் அதைக் கவனிக்கவே இல்லை.



"முடிஞ்சிட்டு கோமு. மானிட்டரே இல்லாத கம்ப்யூட்டரு. ஒண்ணும் பாக்க முடியல."