ஒரு சொட்டு உள்ள வராது

ஆற்றங்கரைத் தோப்பில் கட்டும் மர வீட்டின் இடுக்குகளை அடைக்க, மகாராஜன் விலையுயர்ந்த சிலிக்கோன் பசையாகப் பார்த்து வாங்கி வந்தார். ஆசாரி கபிரியேல் அதைத் தொடவே இல்லை.

"இது வெயிலுக்கு உரிஞ்சிரும் அண்ணாச்சி. குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி, பஞ்சுத் திரிய அதுல முக்கித் திணிச்சிருதேன். ஆணி வேண்டாம், பித்தளை போல்ட்டுதான். சுவரு, தரை எங்கயும் ஒரு சொட்டு உள்ள வராது!"

கார்த்திகை வெள்ளம் வடிந்ததும் மகாராஜன் போன் செய்தார்.

"நீரு சொன்ன மாதிரியே ஒரு சொட்டும் உள்ள வரல வே. விரிச்ச பாய்கூட நனையல."

"நான்தான் சொன்னேம்லா!"

"ஆனா வீடு இங்கன இல்ல. முழுசா மிதந்துபோயி, அடுத்த ஊரு பாலத்துல முட்டிக்கிட்டுக் கெடக்கு!"

வாழ்நாளெல்லாம் மணப்பாட்டில் படகு மட்டுமே கட்டிய கபிரியேல் கொஞ்சமும் அசரவில்லை.

"பின்ன, நங்கூரம் போட வேண்டாமா அண்ணாச்சி?"